குறுக்கே நின்ற கைப்பிடி

அத்தியாயம் 17

போன வாரம் பால் பொங்கி அடுப்பை அணைத்ததையும், பக்கத்து வீட்டு ஸாவித்ரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பியூலாவும் மறக்கவில்லை. அந்த அரை மணி நேரமும் அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. வீடு முழுக்க கேஸ் நிறைந்து கிடந்தது. தெருவில் போனவளுக்குத் தெரிந்தது, அடுப்படியில் நின்றவளுக்குத் தெரியவில்லை.

"ஜலதோஷம்க்கா, மூக்கே அடைச்சுக் கெடக்கு" என்று சமாளித்தாள்.

ஜலதோஷமாவது மண்ணாங்கட்டியாவது! கொரோனா இரண்டாவது தடவை வந்த அந்த மே மாதத்தில் போன வாசனை, மூன்றரை வருடமாகத் திரும்பி வரவேயில்லை. மல்லிகைப் பூவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றுதான். சாம்பாரில் உப்பு உறைப்பை நாக்கு சொல்லும். பெருங்காயத்தைக் கை சொல்லும். தீய்ந்தால் கண் சொல்லும். கேஸைச் சொல்ல மட்டும் ஆளில்லை.

இந்தச் சங்கதி இன்னும் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மாமியார் பரிபூரணம். அதே மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நர்ஸிடம் போனைக் கடன் வாங்கிப் பேசினார்.

"ஏட்டி, டெட்டால் வாடை கூடத் தெரியலட்டி எனக்கு. ஒனக்கு?"

"எனக்கும் தெரியல அத்தே."

"யார்ட்டயும் சொல்லாத. அடுப்படியில நிக்கிறவளுக்கு மூக்கு இல்லேன்னு தெரிஞ்சா கரண்டியப் பிடுங்கிருவாளுக."

அன்றைக்கு மறுநாள் பரிபூரணம் போய்ச் சேர்ந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. நாலு பேர் போய் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பியூலா ராஜபாளையம் வீட்டில் தனி அறையில் காய்ச்சலோடு கிடந்தாள். அத்தை சொன்ன கடைசிச் சொல்லை அவள் இதுவரை மீறவில்லை.

மீற முடியாதபடி அனுக்ரஹா வேறு இருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார். பால் பொங்கிய சேதி எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ இப்படி ஏதாச்சும் என் காதுல விழட்டும், அப்பாவ நான் இங்க கூட்டியாந்துருவேன். அம்மாவத்தான் காப்பாத்த முடியல, இவரையாவது காப்பாத்துறேன்."

கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. பியூலாவுக்கு என்று அந்த வீட்டில் இருப்பது ஒரு அடுப்படியும், "ஏட்டி பியூலா" என்று மணிக்கு நாலு தடவை கூப்பிடும் மாமனாரும்தான். மூக்குச் சங்கதி வெளியே வந்தால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும்.

* * *

கல்லறைத் திருநாள். தீபாவளி போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிச்சம் வைத்திருந்த வெடிகளைத் தெருவில் யாரோ ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்லறைக்குப் புறப்படுவதற்குள் கேஸ் குழாயில் ஒரு வால்வு வைத்துவிட வேண்டும் என்று பியூலாவின் புருஷன் பெலிக்ஸ் காலையிலேயே பனியனோடு இறங்கிவிட்டான். நூல் மில்லில் ஃபிட்டர். ஆள் வைத்துச் செய்வது அவனுக்கு மானக்கேடு. மில் ஸ்டோரில் கழித்துப் போட்ட சாமான்களில் ஒரு பழைய பித்தளை வால்வைக் கேட்டு வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பளபளவென்று ஆக்கி வைத்திருந்தான்.

சிலிண்டர் கொல்லைப்புறம் சிமெண்ட் மேடையில் இருக்கிறது. அங்கிருந்து செம்புக் குழாய் சுவரைத் துளைத்து அடுப்புக்கு வருகிறது. அந்தக் குழாயை நடுவில் வெட்டி, மரை போட்டு, வால்வை உட்கார்த்தி முறுக்கினான். இணைப்பு இருந்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவினான். ஒரு குமிழி கூட வரவில்லை.

"இங்க பாருட்டி. கைப்பிடி குழாயோட நீளத்துக்கு நின்னா தெறந்திருக்கு. குறுக்க நின்னா மூடியிருக்கு. அம்புட்டுத்தான். வெளிய போகும்போது குறுக்க நிறுத்திட்டுப் போ, ஒரு பயமும் கெடையாது."

அடுப்பைப் பற்றவைத்து சிம்மில் வைத்தான். கைப்பிடியைக் குறுக்கே திருப்பினான். நீலச் சுடர் ஒடுங்கி, ஒரு தடவை துள்ளி, அணைந்தது. அந்தத் துள்ளலைப் பார்த்தபோது பியூலாவுக்கு என்னவோ போலிருந்தது, யாரோ மூச்சை விட்டது மாதிரி. ஆனால் மனசுக்குப் பெரிய தெம்பு. மூக்கு இல்லாவிட்டால் என்ன? கண் இருக்கிறதே. கைப்பிடி எப்படி நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

பெலிக்ஸ் அதோடு விட்டிருக்கலாம். பெயிண்ட் அடிக்காமல் வேலை முடிந்ததாக அவனுக்குத் தோன்றாது. மில்லில் கேஸ் குழாய்க்கு மஞ்சள், தண்ணீருக்குப் பச்சை என்று சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான்! கைப்பிடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டு, குழாய், வால்வு, வால்வின் சதுரத் தலை எல்லாவற்றுக்கும் சேர்த்து மஞ்சளை அள்ளிப் பூசினான்.

"பெயிண்ட் நெடி தலைவலிக்குது, ஜன்னலத் தெறந்து விடு" என்றான். பியூலா திறந்துவிட்டாள். அவளுக்கு எந்த நெடியும் இல்லை.

அப்போதுதான் மில்லிலிருந்து போன். பஞ்சு சீவுகிற கார்டிங் பக்கம் மெஷின் நின்றுவிட்டது, உடனே வா. பெலிக்ஸ் முனகிக்கொண்டே சட்டையை மாட்டினான். "நீ மட்டும் போயிட்டு வாட்டி. அம்மாட்ட நான் சாயங்காலம் வாரேன்னு சொல்லு" என்றவன், ஈரப் பெயிண்ட் கையில் ஒட்டாமல் கைப்பிடியை வால்வின் தலையில் சொருகி, ஒரு திருப்பு திருப்பிக் குறுக்காக நிறுத்தினான். "மூடியாச்சு. தொடாத, காயட்டும்."

மாமனார் தனுஷ்கோடி உள்ளறையில் கட்டிலில் இருந்தார். ஞானஸ்நானப் பெயர் சூசை, ஆனால் சர்ச் புத்தகத்தைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை. மில்லில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்து இன்றோடு இருபது நாள். கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை. மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கு மட்டும் எப்போதோ மரத்துப்போயிருந்தது.

"ஏட்டி பியூலா, மணி ஒண்ணு இருபது. பொறப்படலையா? உங்க அத்தைக்கு இங்கயும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி வச்சுட்டுப் போ. அங்க வெளிச்சம், இங்க இருட்டுன்னு இருக்கப்படாது."

வருடா வருடம் செய்வதுதான். உள்ளறை அலமாரி மேல் பரிபூரணத்தின் போட்டோ. அதன் முன்னால் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தாள். அடுப்படிக்குப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, கைப்பிடியை ஒருமுறை பார்த்தாள். குறுக்கே நின்றது. கால் ஊன்றலாம் என்றதும் மாமா பிடித்து நடக்க வாங்கி வைத்திருந்த வாக்கரை, அவர் அவசரப்பட்டு எழாதபடி எட்டாத மூலையில் தள்ளி, அதன் மேல் துவைத்த வேட்டியைக் காயப்போட்டாள். கதவைப் பூட்டி, இன்னொரு சாவியை ஸாவித்ரியிடம் கொடுத்தாள்.

"சனிக்கிழமைம்மா, பெருமாள் கோவிலுக்குப் போயிட்டு மூணரைக்கு வந்துருவேன். வந்ததும் ஐயாவ எட்டிப் பாக்கேன்" என்றாள் ஸாவித்ரி.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்தில் வெயிலில் கண் கூசியது. சுண்ணாம்பு அடித்த சிலுவைகளுக்கு நடுவே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அனுக்ரஹா முன்னாலேயே வந்து கல்லறையைக் கழுவி வைத்திருந்தாள்.

"ஏன் லேட்டு? அப்பா தனியாவா இருக்காரு?"

"ஸாவித்ரியக்கா பாத்துக்கிடுவாக மதினி. அடுப்புக்கு வால்வு வச்சாச்சு. மூடிட்டுத்தான் வந்திருக்கேன்."

"ம்" என்றாள் அனுக்ரஹா. ஒரே ஒரு 'ம்'தான். அதற்குள் ஒரு வண்டி சந்தேகம் இருந்தது.

பியூலா மருக்கொழுந்தும் செவ்வந்தியும் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உண்மை பேசும் ஒரே இடம் இதுதான். அத்தே, இன்னமும் எனக்குத் தெரியல. மருக்கொழுந்து வாங்கினேன், புல்லு வாங்கின மாதிரி இருக்கு. ஆனா இனிமே பயமில்ல அத்தே, வால்வு வச்சாச்சு.

அப்போது போன் அடித்தது. மாமாவின் நம்பர்.

"ஏட்டி பியூலா, மணி ரெண்டு அம்பது." குரலில் ஒரு பதற்றமும் இல்லை. மில் சங்கு ஊதிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். "உங்க அத்தை வந்திருக்கா."

"யாரு மாமா?"

"பரிபூரணம்டி. இப்பத்தான் வந்தா. மெழுகுவர்த்திய அணைச்சுட்டா. ஏன் அணைக்கேன்னு கேட்டேன், வாடை அடிக்குதுன்னா. எனக்கு ஒண்ணும் தெரியல. ஒன்னய வரச் சொல்லுதா."

பியூலா எதிரே இருந்த கல்லறையைப் பார்த்தாள். பரிபூரணம், பிறப்பு, இறப்பு, எல்லாம் கறுப்பு எழுத்தில் அப்படியே இருந்தது. காற்று துளியும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடர் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. அத்தனை வெயிலில் அவளுக்கு முழங்கை வரைக்கும் சில்லிட்டுப் போயிற்று.

"மாமா, இப்ப... இப்பவும் இருக்காகளா?"

"இங்கதான் நிக்கா." போன் வைக்கப்பட்டது.

வாடை அடிக்குது. மெழுகுவர்த்தி. இந்த இரண்டு வார்த்தையும் மண்டைக்குள் ஒன்றையொன்று உரசின. வந்தது யாராகவும் இருக்கட்டும். பேயாக இருக்கட்டும், பிசாசாக இருக்கட்டும், மருந்து மயக்கத்தில் மாமா கண்ட கனவாகக்கூட இருக்கட்டும். வீட்டில் கேஸ் கசிந்தால்? மாமா அறையில் சுடர் எரிந்துகொண்டிருந்தால்? எழுந்து ஓட முடியாத மனிதரைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாளே!

"யாரு போன்ல? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?" அனுக்ரஹாவின் கண் கூர்மையானது.

"ஸாவித்ரியக்கா மதினி. மாமாவோட மாத்திரை எங்கன்னு கேட்டாக. நான் செத்த நேரத்துல கெளம்புறேன்."

செத்த நேரமாவது! பூத்தட்டை அங்கேயே போட்டுவிட்டு நடையும் ஓட்டமுமாக அவள் போனதை அனுக்ரஹா எழுந்து நின்று பார்த்தாள்.

* * *

பஸ்ஸில் ஏறினாலும் பஸ் புறப்பட வேண்டுமே. பால்கோவா கூடைக்காரர் இறங்கி, இன்னொருவர் ஏறி, கண்டக்டர் டீ குடித்து முடித்து, மூன்று மணிக்கு மேல்தான் நகர்ந்தது.

ஸாவித்ரிக்கு ஐந்து தடவை போட்டாள். எடுக்கவில்லை. பெலிக்ஸுக்குப் போட்டாள். மில்லுக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆபீஸ் நம்பர் வீட்டுக் காலண்டரில்தான் எழுதியிருந்தது. மாமாவுக்குப் போட நம்பர் வரை போய்க் கையை எடுத்துக்கொண்டாள். வேறு யாராவது எடுத்துவிட்டால்?

அவளுக்கே தன் மேல் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம். மூக்கு செத்துப்போச்சு, எனக்கு ஒத்தாசைக்கு ஒருத்தர் வேணும் என்று ஒரு வார்த்தை. கரண்டியைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். ஒரு கரண்டிக்காக ஒரு உயிரைப் பணயம் வைத்திருக்கிறேனே! ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

ராஜபாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். தெருமுனையில் திரும்பும்போது ஒரு பெரிய சத்தம் கேட்டு அவள் ஈரக்குலை நடுங்கிவிட்டது. வெடிதான். யாரோ மிச்ச வெடியைப் போட்டிருந்தார்கள். வீடு நின்றது. பூட்டும் பூட்டியபடியே தொங்கியது.

பூட்டைத் திறந்தாள். வீட்டுக்குள் அப்படி ஓர் அமைதி. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா கட்டிலில் மல்லாந்து படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி முக்கால் வாசி அப்படியே இருந்தது. அணைந்திருந்தது. திரி தட்டையாக நசுங்கிப்போயிருந்தது, விரலால் பிடித்து அணைத்ததுபோல. வாக்கர் மூலையிலேயே நின்றது. அதன் மேல் போட்ட வேட்டியில் மடிப்புக் கலையவில்லை.

அடுப்படிக்குள் போனாள். கைப்பிடி குறுக்கே நின்றது. மூடித்தான் இருக்கிறது. அடுப்பின் திருகும் மூடியே இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஐயா! பியூலா!" வாசலில் ஸாவித்ரி. கோவில் துளசி கையில் இருக்க, மறு கையால் மூக்கைப் பிடித்திருந்தாள். "என்னம்மா இது, மறுபடியும் கேஸ் வாடை! அடுப்படியிலதான் இருந்து வருது. தரையோட அடிக்குது பாரு. ஒனக்குத் தெரியலையா?"

"தெரியுதுக்கா" என்று வாய் பழக்கத்தில் பொய் சொன்னது. "ஆனா எப்படி? வால்வு மூடியிருக்குக்கா. குறுக்க நிக்குது பாருங்க. அடுப்பு எரியாது. வேணும்னா காட்டுதேன்..."

லைட்டரை எடுத்துத் திருகில் கை வைத்தாள்.

"வொத்து! வொத்து!" வேண்டாம், வேண்டாம் என்று ஸாவித்ரி பதற்றத்தில் தன் தெலுங்கில் அலறிக்கொண்டே பாய்ந்து லைட்டரைத் தட்டிவிட்டாள். அது கொல்லைப்புற வாசல் வரை உருண்டு போய் நின்றது. "புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? இம்புட்டு வாடையில நெருப்பப் பொருத்தப் போறியே! வேண்டாம்னு சொல்ல மூக்கு இல்லையா?"

இல்லை. அதுதான் இல்லை. பியூலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு நொடி. ஒரே ஒரு நொடி.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, சிலிண்டரை வெளியே மூடிவிட்டு அரை மணி நேரம் முற்றத்திலேயே நின்றார்கள். வாடை போய்விட்டது என்று ஸாவித்ரி சொன்ன பிறகுதான் பியூலா வால்வுக்குப் பக்கத்தில் போனாள். இந்த மாதிரி வால்வின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும், கோடு பார்க்கிற திசையில்தான் வழி என்று பெலிக்ஸ் எப்போதோ சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு, காயாத மஞ்சளை நகத்தால் சுரண்டினாள்.

கோடு குழாயின் நீளத்துக்கு ஓடியது. வால்வு திறந்திருந்தது. மூடியிருக்கிறது என்று கைப்பிடி சொன்னது பொய்.

காலண்டரைப் பார்த்து மில் ஆபீஸ் நம்பரில் கூப்பிட்டு, பெலிக்ஸை அழைக்கச் சொல்லி, அவன் போனுக்கு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"கைப்பிடிய மாட்டும்போது எப்படி மாட்டினீங்க?"

"எப்படின்னா? நீளத்துக்கு மாட்டி, குறுக்க திருப்பினேன்." சொல்லி முடித்ததும் அவன் குரல் இறங்கியது. "ஐயோ. முன்னாடியே மூடித்தான இருந்துச்சு..."

அதுதான் நடந்தது. மில்லில் வால்வுகளுக்குக் கைப்பிடி மாட்டியே இருக்காது. கண்டவன் திருகக்கூடாது என்று ஃபிட்டர்கள் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். தலை சதுரம், கைப்பிடி நாலு விதமாகவும் உட்காரும். அங்கே தலையில் இருக்கும் கோட்டைப் பார்த்து மாட்டுவான். இங்கே கோட்டின் மேல் அவனே மஞ்சள் பூசிவிட்டான். மூடியிருந்ததைத் திறந்திருப்பதாக நினைத்து, மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அடுப்பு திருக மூடுனீங்களா?"

"இல்லட்டி. சிம்ல வச்சது அப்படியே... வால்வத்தான மூடினேன். நீ மூடலையா?"

"இல்ல."

"பொறவு யாரு மூடினா?"

பியூலா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மெஷின் சத்தத்துக்கு மேல் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "நான் வாரேன்" என்று வைத்துவிட்டான்.

* * *

ஸாவித்ரி துளசியை மாமாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். அவள் மூன்றரைக்கு முன்னால் வரவில்லை. அவள் சாவி இடுப்பிலேயே இருந்தது. பியூலா இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, அத்தை செத்து மூணரை வருஷம் ஆச்சு."

"மூணு வருஷம், அஞ்சு மாசம், பதினோரு நாள். டைம் கீப்பருக்கே மணி சொல்லுதியா?" கோபமில்லாமல்தான் சொன்னார். "எனக்கும் தெரியும்டி செத்துட்டான்னு. அதுக்காக வந்தவள இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"நீங்க எந்திரிச்சீங்களா மாமா? பயப்படாம சொல்லுங்க."

"நான் எந்திரிச்சிருந்தா இந்நேரம் பிளேட்டு தனியா, நான் தனியா கெடப்பேன்." தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "நேரா அடுப்படிக்குத்தான் போனா. டக்குனு ஒரு சத்தம். பொறவு இங்க வந்து மெழுகுவர்த்திய ரெண்டு விரலால நசுக்கினா. சுடலையான்னு கேட்டேன். இப்பல்லாம் சுடுறதில்லன்னா."

பியூலாவுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வேற என்ன சொன்னாக?"

வெளியே எங்கோ ஒரு ஊசிவெடி வெடித்து அடங்கியது.

"ஏட்டி, ஒனக்கு வாடையே தெரியாதாமே?"

அறையே ஒரு சுற்று சுற்றியது அவளுக்கு. உலகத்தில் அதை அறிந்த ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணுக்குள் இருக்கிறாள். மறுக்க வாயெடுத்தாள், வழக்கம்போல. ஜலதோஷம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. லைட்டரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

"ஆமா மாமா."

"எம்புட்டு நாளா?"

"அத்தை போன அன்னிலேருந்து."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயமும் அழுகையும் ஒன்றாக வந்தன, கூடவே நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தாற்போல ஒரு நிம்மதியும். தனுஷ்கோடி அவள் தலையில் கை வைத்தார்.

"எனக்கும்தான் தெரியாது, பொடி போட்டுக் கெடுத்துக்கிட்டேன். மூக்கில்லாத ரெண்டு பேரும் ஒரே வீட்டுல. ஆண்டவருக்குத்தான் நம்ம மேல எம்புட்டு நம்பிக்கை!" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு சொன்னார், "பெலிக்ஸ் வருதான். அவன்ட்ட நீயே சொல்லிரு. மறைச்சு வச்சு என்ன கண்டோம்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் பைக் சத்தம்.

பியூலா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவு திறந்தே கிடந்தது. பெலிக்ஸ் கிரீஸ் படிந்த சட்டையோடு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏட்டி, என் மேலதான் தப்பு, நான்தான் அவசரத்துல..."

"இல்ல, நான் சொல்லுறத முதல்ல கேளுங்க." இனி ஒரு மூச்சு விட்டாலும் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். "எனக்கு வாடை தெரியாது. மூணரை வருஷமா மூக்கு செத்துக் கெடக்கு. பால் பொங்கினது, இன்னைக்கு நடந்தது, ஒண்ணுமே எனக்குத் தெரியல. ஒங்கள்ட்ட மறைச்சேன்."

பெலிக்ஸ் திகைத்து நின்றான். அவன் தோளுக்குப் பின்னால், தெருவில், ஒரு ஆட்டோவிலிருந்து இறங்கி ஒருத்தி நின்றிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் பியூலா போட்டுவிட்டு வந்த பூத்தட்டு அவள் கையில் இருந்தது. அனுக்ரஹா. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

பியூலா கண்ணைத் தாழ்த்தவில்லை. எது போனாலும் போகட்டும் என்று நின்றாள்.

அனுக்ரஹா ஒரு படி ஏறினாள். இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோ கதவோ வாசலைப் பார்த்து இல்லாத அந்த உள்ளறையிலிருந்து, கட்டிலைவிட்டு அசைய முடியாத தனுஷ்கோடியின் குரல் வந்தது.

"அனுக்ரஹா, உள்ள வா. அவள ஒண்ணும் சொல்லாத. உங்க அம்மா இன்னும் போகல, ஒன்ட்டதான் ஏதோ கேக்கணுமாம்."

அனுக்ரஹாவின் கையிலிருந்த தட்டு படியில் விழுந்து உருண்டது.